புல்தரை ஏரேட்டர்: செங்களிமண்ணில் ஏழு பருவங்கள்

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மாநிலத்தில் ராலே நகரை ஒட்டியுள்ள எங்கள் தெருவில் நான்கு குடும்பத்தினர் சேர்ந்து, புல்தரை மண்ணில் துளையிடும் பெட்ரோல் ஏரேட்டர் ஒன்றை, முன்பே ஒருவர் பயன்படுத்தியதை, 850 டாலருக்கு வாங்கினோம். வாடகைக் கடையில் அதே வகை இயந்திரத்துக்கு அரை நாள் வாடகை அப்போதே நூறு டாலரை நெருங்கியிருந்தது; செப்டம்பர் மாதச் சனிக்கிழமைகளில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அன்று முதல் 2024 வரை ஏழு பருவங்கள் அதை ஓட்டியிருக்கிறேன். இயந்திரம் என் கராஜில் நிற்பதால் அதன் பழுதுகளும் என் தலையில்தான் விழுந்தன.

பார்ப்பதற்குப் புல்வெட்டி போல இருந்தாலும் இதன் வேலை வேறு. அடியில் சுழலும் தண்டில் உட்கூடான இரும்புப் பற்கள் இருக்கின்றன. அவை மண்ணில் இறங்கி, தடித்த சாக்பீஸ் போன்ற மண் துண்டுகளை இரண்டு மூன்று அங்குல நீளத்துக்குப் பிடுங்கிப் புல்லின் மேலேயே போட்டுவிட்டுச் செல்லும். அந்தத் துளைகளின் வழியாகக் காற்றும் நீரும் வேருக்கு இறங்கும். மேலே கிடக்கும் துண்டுகள் சில வாரங்களில் மழையில் கரைந்துவிடும். கூர்மையான ஆணிகள் கொண்ட மலிவான உருளைகளும் கடையில் உண்டு. ஆனால் அவை மண்ணை வெளியே எடுக்காமல் பக்கவாட்டில் நெருக்கித் தள்ளுவதால், களிமண்ணில் துளையின் சுவரை மேலும் இறுக்குகின்றன. இப்பகுதியின் மண், செசில் என்ற வகையைச் சேர்ந்த செங்களி. நிறத்தில் நம் ஊர்ச் செம்மண்ணை நினைவூட்டினாலும் குணத்தில் சுத்தக் களி. போதாக்குறைக்கு, வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்துவிட்டுக் கனரக வண்டிகளை ஓட்டி அதை அழுத்தியிருப்பார்கள். எங்கள் நான்கு வீட்டிலும் இருப்பது டால் ஃபெஸ்க்யூ என்ற குளிர்காலப் புல் என்பதால், செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை துளையிட்டு, உடனே இருக்கும் புல்லின் மேலேயே புது விதை தூவுகிறோம். இங்கே பெர்முடா என்று விற்கப்படும் நம் அருகம்புல் வைத்திருப்பவர்கள் கோடையின் தொடக்கத்தில் துளையிட வேண்டும். இலையுதிர்காலத்தில் செய்தால் புல் ஆறுவதற்குள் குளிர் வந்துவிடும்.

ஏழு ஆண்டுகளில் எனக்கு நேர்ந்த ஆபத்துகளையும் செலவுகளையும் திரும்பிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே மண்ணின் ஈரப்பதத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. பாதுகாப்புக்குக் கண்ணாடியையும் கையுறையையும் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. முதல் பருவத்தில் மழை இல்லாத வாரங்களுக்குப் பிறகு, வாங்கிய ஆசையில் நேராக இயந்திரத்தை இறக்கினேன். சுமார் நூறு கிலோ எடையுள்ள அது, காய்ந்த களியில் பல் இறங்காமல், சிமெண்ட் தரையில் ஓடுவதுபோல் துள்ளிக்கொண்டு என்னை இழுத்துச் சென்றது. பல் மண்ணில் இறங்கும்போது அதுவே இயந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதும், இறங்காதபோது பற்கள் சக்கரங்களாகிவிடும் என்பதும் அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. கைப்பிடியை இழுத்துப் பிடித்து நிறுத்தப் பார்ப்பதுதான் மனித இயல்பு. செய்ய வேண்டியதோ அதற்கு நேர் எதிர், அதாவது கையை விட்டுவிடுவது. கைப்பிடியோடு சேர்த்து அழுத்தும் நெம்புகோலை விட்டால் பற்களின் சுழற்சி நின்றுவிடும். நான் விட்டபோது இயந்திரம் காரின் கதவிலிருந்து இரண்டடி தூரத்தில் நின்றது.

அன்று மாலை அந்த நெம்புகோலைத் துடைத்துப் பார்த்தபோது, அதன் ஓரத்தில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒன்றின் வெட்டிய துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பு வைத்திருந்தவர் கை வலிக்காமல் இருக்க அதை நிரந்தரமாகக் கட்டி வைத்து ஓட்டியிருக்கிறார். பழைய இயந்திரம் வாங்குபவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்: எஞ்சின் ஓடும்போது நெம்புகோலை விட்டால் பற்கள் உடனே நிற்கின்றனவா, அதன் கேபிள் இறுகாமல் திரும்புகிறதா என்பதே முதல் சோதனை. ஒவ்வொரு பருவத்திலும் நான் முதலில் செய்வதும் அதுதான்.

ஈரத்தை அளக்க எனக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆறங்குல ஸ்க்ரூடிரைவர் ஒன்றைப் புல்லில் ஊன்றி உள்ளங்கையால் அழுத்துவேன். பிடி வரை இறங்கி, வெளியே எடுக்கும்போது கம்பியில் சேறு ஒட்டாமல் வந்தால் மண் தயார். இறங்கவில்லையென்றால், காலி டப்பாக்களைப் புல்லில் வைத்து அவற்றில் ஓர் அங்குலம் நிரம்பும் வரை நீர் பாய்ச்சி, ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருப்பேன். அந்த ஒரு நாளைக் கொடுக்க மனமில்லாமல்தான் முதல் ஆண்டு அவதிப்பட்டேன்.

ஈரம் கூடிப்போனால் வேறு வகை ஆபத்து. 2020இல் புயல் மழை பெய்து இரண்டு நாட்களில் வேலையைத் தொடங்கினோம். பத்து நிமிடத்துக்குள் பற்களின் உட்கூடு களியால் அடைத்துக்கொண்டு, துண்டுகள் விழுவது நின்றுவிட்டது. நண்பர் ஒருவர் நெம்புகோலை விட்டுவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து விரலால் களியைத் தோண்டப் போனார். "தம்பி, கையை எடு!" என்று நான் கத்தியது எதிர்வீடு வரை கேட்டிருக்கும். நெம்புகோலை விட்டால் சுழற்சி நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கிளட்ச் கேபிள் சரியாகத் திரும்பாவிட்டால் எஞ்சினின் சுழற்சியைக் கொண்டுபோகும் பெல்ட் மறுபடி பிடித்துக்கொள்ளலாம், சரிவில் இயந்திரம் சற்று உருண்டாலே பற்கள் தாமாகத் திரும்பவும் செய்யும். தேய்ந்த பல்லின் விளிம்போ அரிவாள்மனையைப் போல் மெலிந்து கூராக இருக்கும். அதன் பிறகு ஒரே முறைதான்: எஞ்சினை நிறுத்துவது, ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்குவது, சக்கரத்துக்கு அண்டை கொடுப்பது, அதற்குப் பின் மரக்குச்சியால் தோண்டுவது. வயரைக் கழற்றுவது வீண் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. பற்கள் கோத்த தண்டைக் கையால் திருப்பினால் எஞ்சினும் சேர்ந்து திரும்பலாம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மண்ணுக்குள் என்ன புதைந்திருக்கிறது என்பது அடுத்த கவலை. இங்கே 811 என்ற எண்ணுக்குச் சில வேலை நாட்கள் முன்னதாகத் தெரிவித்தால், கட்டணமின்றி ஆள் வந்து வண்ணக் கோடுகள் போட்டுச் செல்வார்கள்: மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம். மூன்று அங்குலத்துக்கு இது தேவையா என்று நானும் கேட்டவன்தான். இரண்டாம் ஆண்டு அதைச் செய்யாமல் ஓட்டியபோது, புல்லுக்கு இரண்டே அங்குலம் கீழே யாரோ புதைத்துவிட்டுப் போயிருந்த இணையக் கேபிளை ஒரு பல் துளைத்துவிட்டது; மூன்று நாட்கள் வீட்டில் இணையம் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் தாமே போட்டுக்கொண்ட தெளிப்புநீர்க் குழாய், நாய்க்கான புதை வேலிக் கம்பி போன்றவற்றை 811 ஆட்கள் குறிக்க மாட்டார்கள். தெளிப்பான்களை ஒவ்வொரு பகுதியாக இரண்டு நிமிடம் ஓடவிட்டு, தலை எழும்பும் இடங்களிலெல்லாம் சிறு கொடி நட்டு, கொடியைச் சுற்றி ஒன்றரை அடி விட்டு ஓட்டுவதுதான் வழி. ஒரு கொடி விடுபட்டால் ஒரு தெளிப்பான் போகும். என் கணக்கில் இதுவரை இரண்டு.

திரும்பும்போது பற்களை முழுவதும் மேலே தூக்கிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். பல் மண்ணில் இருக்கும்போதே முறுக்கினால் புல் பாளமாகப் பிய்வதோடு பல்லும் வளையும், நம் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். பல்லை இறக்கியபடி பின்னால் இழுப்பது என் இயந்திரத்தில் அறவே கூடாது. தெருவோர வாய்க்காலின் சரிவில் நான் இதை ஓட்டுவதே இல்லை. காலால் மிதித்துத் துளைக்கும் கைக்கருவியை வைத்து அரை மணி நேரம் வியர்வை சிந்துவது எவ்வளவோ மேல். காதடைப்பான், கண்ணாடி, முன்பக்கம் கெட்டியான பூட்ஸ் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் செருப்புக் காலோடு தோட்டத்தில் இறங்கும் பழக்கம் நம்மை விட்டு எளிதில் போவதில்லை என்பதால், இயந்திரத்தின் கைப்பிடியிலேயே பூட்ஸைத் தொங்கவிட்டு வைத்திருக்கிறேன்.

இனிப் பராமரிப்பு. எஞ்சின் ஹோண்டா ஜிஎக்ஸ்120. அதன் கையேடு முதல் 20 மணி நேரத்திலும், பிறகு ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் ஆயில் மாற்றச் சொல்கிறது. நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் அதிகம். எனவே மணிக் கணக்கு எங்களுக்கு உதவாது. பருவம் முடிந்த வாரமே, எஞ்சின் சூடாக இருக்கும்போது பழைய ஆயிலை வடித்து, 10டபிள்யூ-30 ஆயிலை அரை லிட்டருக்குச் சற்று அதிகமாக ஊற்றுகிறேன். அளவு பார்க்கும்போது இயந்திரம் சமதளத்தில் நிற்க வேண்டும். அளவுக்குச்சியைத் திருகாமல் சும்மா செருகிப் பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்.

ஆனால் எஞ்சின் எனக்குத் தொல்லையே கொடுத்ததில்லை. தொல்லையெல்லாம் ஆண்டில் பதினொரு மாதம் சும்மா நிற்பதால் வந்தது. இங்கு விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பெட்ரோலோ நாள்பட்டால் கார்புரேட்டரில் பிசினாக உறைந்துவிடும். 2019 செப்டம்பரில் கயிற்றை நாற்பது முறை இழுத்துத் தோள் வலித்த பிறகே இதைக் கற்றேன். இப்போது டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுகிறேன். எல்லாம் வெட்டவெளியில், எஞ்சின் ஆறிய பிறகு. மூடிய கராஜுக்குள் சோதனைக்காகக்கூட எஞ்சினை ஓடவிடுவதில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

உண்மையான தேய்மானம் பற்களின் தண்டைச் சுழற்றும் செயினில்தான். ஈரக்களி செயின் உறைக்குள் தெறித்து ஆயிலோடு கலந்தால், சாணைக்கல் மாவு தடவியதுபோல ஆகிவிடும். நான் உறையைத் திறக்காமலே மூன்று பருவம் ஓட்டினேன்; 2021இல் செயின் அறுந்தது. திறந்து பார்த்தபோது செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பற்கள் சுறாத் துடுப்பைப் போல ஒரு பக்கமாக வளைந்திருந்தன. புதுச் செயினைப் பழைய ஸ்பிராக்கெட்டில் மாட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடும் என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றினேன். இப்போது வேலை முடிந்த அன்றே, களி காய்ந்து செங்கல் ஆவதற்கு முன், உறையைக் கழற்றி மரத்துண்டால் சுரண்டித் துடைத்து, செயினின் நடுவில் அரை அங்குலத் தொய்வு இருக்கிறதா என்று பார்த்து எண்ணெய் விடுகிறேன். அழுத்தமாக நீர் பாய்ச்சிக் கழுவுவது பேரிங்குக்குள் சேற்றை ஏற்றிவிடும். கிரீஸ் துப்பாக்கியும் இரண்டு அழுத்துக்கு மேல் வேண்டாம். ஆர்வக் கோளாறில் நான் பேரிங்கின் ஓர மூடியான ‘சீல்’ ஒன்றைப் பிதுக்கியிருக்கிறேன்.

அடிப்பக்கம் பார்க்க இயந்திரத்தைச் சாய்ப்பதாக இருந்தால் ஸ்பார்க் பிளக்கும் ஏர் ஃபில்டரும் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். ஒரு முறை மாற்றிச் சாய்த்துவிட்டு மறுநாள் ஓட்டியபோது, தெருவே மறையும்படி வெள்ளைப் புகை கிளம்பியது; ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி, ஃபில்டரும் ஊறிப்போயிருந்தது.

பற்களை 2022இல் முழுத் தொகுதியாக மாற்றினோம். தேய்ந்தவற்றை மட்டும் மாற்றினால் நீளம் ஒத்துப்போகாமல் இயந்திரம் நொண்டும். கடந்த பருவத்தின் இறுதியில் அளந்தபோது புதுப் பல்லைவிடக் கால் அங்குலம் குறைந்திருந்தது. இன்னும் இரண்டு பருவம் தாங்கும். இந்த முறை மாற்ற வேண்டியவை, விரிசல் விடத் தொடங்கியிருக்கும் டிரைவ் பெல்ட்டும், கழன்று போன இரண்டு போல்ட்டுகளும்தான். அவை வந்து சேரும் வரை இயந்திரத்தைக் கேட்டு வருபவர்களுக்குத் தருவதில்லை என்று பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிட்டேன்.