விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வு: அனுமதிக்கலாமா, வேண்டாமா?

உங்கள் ஊர் ஏரிக்கரையில் எழுத்து பொறித்த நடுகல் ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் படமெடுத்து விக்கிப்பீடியா கட்டுரையில் சேர்க்கலாம், சொந்தப் படங்களுக்கு அங்கே தடையில்லை. ஆனால் அந்த எழுத்தை நீங்களே வாசித்து, இது பல்லவர் காலத்தது என்று ஒரு வரி எழுதினால் யாராவது 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டுப் போவார், இல்லையென்றால் வரியையே தூக்கிவிடுவார். உங்கள் வாசிப்பு தப்பு என்று அவர் சொல்லவில்லை. வேறெங்கும் வெளிவராத ஒன்றை முதன்முதலில் வெளியிடுகிற இடம் இது அல்ல என்கிறார், அவ்வளவுதான்.

2003 வாக்கில் 'சொந்த ஆய்வு கூடாது' என்ற இந்த விதி வந்ததே, சொந்தக் கோட்பாடுகளைத் தூக்கிக்கொண்டு இயற்பியல் கட்டுரைகளில் இறங்கியவர்களைச் சமாளிக்கத்தான். எழுதுகிறவர் யாரென்று தெரியாது, திருத்துகிறவர் யாரென்றும் தெரியாது. அந்த நிலையில் 'இது உண்மையா' என்று கேட்டால் விவாதம் முடியவே முடியாது, 'எங்கே வந்திருக்கிறது' என்று கேட்டால் பத்து நிமிடத்தில் முடியும். பேராசிரியர் எழுதியதைக் கல்லூரி மாணவர் சரிபார்க்க முடிகிறது என்றால் அது இந்தக் கேள்வியால்தான்.

சரி, இதற்குக் கொடுக்கும் விலை? டிமதி மெஸ்ஸர்-க்ரூஸ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியரைக் கேட்டால் சொல்வார். மே தினத்தோடு சேர்த்துப் பேசப்படும் 1886 சிகாகோ ஹேமார்க்கெட் வெடிகுண்டு வழக்கின் ஆவணங்களை ஆண்டுக்கணக்கில் படித்தவர் அவர். குற்றம் சாட்டப்பட்டவர்களை வெடிகுண்டோடு இணைக்க அரசுத் தரப்பு சாட்சியமே தரவில்லை என்று விக்கிப்பீடியா கட்டுரையில் இருந்ததைத் திருத்தப் போனார். திருத்தம் நிற்கவில்லை. புத்தகமாக வரட்டும் என்றார்கள். புத்தகமும் வந்தது, அப்போதும் பெரும்பான்மை ஆய்வாளர்கள் வேறு சொல்கிறார்களே என்று தள்ளினார்கள். 2012-ல் அவர் இதை வெளியே எழுதிக் கொட்டிய பிறகுதான் விஷயம் பரவலாகப் பேசப்பட்டது. எரிச்சல் நியாயமானது. ஆனால் கவனியுங்கள், புத்தகம் வந்த பிறகும் மறுத்தது சொந்த ஆய்வு விதி இல்லை, எந்தக் கருத்துக்கு எவ்வளவு இடம் என்ற வேறொரு விதி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு திட்டுகிறவர்கள் நிறைய.

சொந்த ஆய்வை அனுமதித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கோவாட்டி என்ற தென் அமெரிக்க விலங்குக்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று 2008-ல் ஓர் அமெரிக்க மாணவர் விளையாட்டாகச் சேர்த்துவிட்டார். பிரிட்டிஷ் நாளிதழ்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டன, அப்புறம் அந்த நாளிதழ்களே கட்டுரைக்குச் சான்றாகிவிட்டன! விதி இருக்கும்போதே இந்தக் கதி என்றால், சொந்தக் கண்டுபிடிப்புகளை வரவேற்கிற கலைக்களஞ்சியத்தில் இது தினசரி வேலையாகிவிடும்.

பெயர் போட்டு எழுதச் சொன்னால் பொறுப்பு வருமே என்று கூகுள் 2008-ல் நோல் (Knol) என்ற கட்டுரைத் தளத்தைத் திறந்தது. ஒரே தலைப்பில் ஆளுக்கொரு கட்டுரை எழுதலாம், எதை நம்புவது என்பது வாசகர் பாடு. 2012-ல் மூடிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த வழி பக்கத்திலேயே இருக்கிறது. 2006-ல் தொடங்கிய, விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கிவெர்சிட்டியில் சொந்த ஆய்வுக்கு இடமுண்டு. அங்கே 2014-ல் உருவான மருத்துவ விக்கி இதழ், துறை தெரிந்தவர்களிடம் கட்டுரையைக் கொடுத்துப் பரிசீலித்த பிறகே வெளியிடுகிறது, தேறியதை விக்கிப்பீடியாவுக்கு எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கம் கல்வெட்டுகளுக்கு இந்த வேலையைத் தஞ்சாவூரின் தமிழகத் தொல்லியல் கழகம் வெளியிடும் 'ஆவணம்' இதழ் செய்கிறது. அதில் வந்துவிட்டால் அதே வாசிப்பு சான்றோடு விக்கிப்பீடியாவில் நிற்கும்.

விதியை நான் ஆதரித்தாலும் அதைக் காவல்காரத்தனமாகப் பிடித்துத் தொங்குகிறவர்களை ஆதரிக்கவில்லை. பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் வைத்து வயதைக் கணக்கிட்டு எழுதலாம், அது ஆய்வு ஆகாது என்று விதியே சொல்கிறது. அதையும் அழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நூல்களில் உள்ளதைச் சேர்த்து இரண்டிலும் இல்லாத மூன்றாவது முடிவுக்குப் போனால் மட்டும் தயங்காமல் அழிக்கலாம்.

தமிழில் உண்மையான சிக்கல் வேறு. கிராமத்து விளையாட்டு, வலை பின்னுகிற முறை, ஒரு சாதிக்குள் மட்டும் செய்கிற பலகாரம், இதெல்லாம் அச்சில் ஏறவே இல்லை. 2011-ல் பெங்களூரைச் சேர்ந்த எழுத்தாளர் அச்சல் பிரபலா முன்னெடுத்த வாய்மொழிச் சான்று முயற்சியில் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபேடி மொழிகளில் இப்படிப்பட்ட விஷயங்களைத் தெரிந்தவர்களிடம் பேசிப் பதிவுசெய்து, அந்தப் பதிவையே சான்றாகக் காட்டினார்கள். இதைத் தமிழிலும் ஏற்கலாம் என்பேன். பேசியவர் பெயர், ஊர், தேதி மூன்றும் இருந்தால் இன்னொருவர் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்க முடியும், ஒத்துவராவிட்டால் பக்கத்து ஊர்க்காரரின் பதிவைக் கொண்டுவந்து எதிர்க்கவும் முடியும்.