டிசிஎஸ் எல்-39 ஆல்பட்ராஸ்: ஜோடியாகப் பறந்து பழக வாங்கலாமா?

டிசிஎஸ் வேர்ல்டு என்ற கணினி விமான சிமுலேட்டருக்கான எல்-39 மாட்யூலை (தனியாக வாங்கிச் சேர்க்கும் பயிற்சி ஜெட் விமானம்) ஆயுதங்களுக்காக யாரும் வாங்குவதில்லை. ரேடார் கிடையாது, டேட்டாலிங்க் (விமானங்கள் தங்களுக்குள் தகவல் பகிரும் இணைப்பு) கிடையாது, வேகமானி கிலோமீட்டரில், உயரமானி மீட்டரில். அப்படியிருந்தும், போர் விமானப் பயிற்சியில் டாக்டிகல் ஃபார்மேஷன் என்கிற பாடத்தைக் கணினியில் ஒழுங்காகப் பழக நினைக்கும் இரண்டு பேருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ஒரே நிபந்தனை, இரண்டு பேரும் மனிதர்களாக இருக்க வேண்டும். கணினி ஓட்டும் விங்மேனை (ஜோடியில் துணையாகப் பறப்பவர்) வைத்துப் பழகலாம் என்ற எண்ணத்தில் வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

விமானக் கண்காட்சியில் இறக்கையோடு இறக்கை ஒட்டிப் பறப்பார்களே, அது வேறு பாடம். அங்கே கண், அணியை வழிநடத்தும் லீடைவிட்டு அசையக் கூடாது. டாக்டிகல் ஃபார்மேஷனில் இரண்டு விமானங்களும் ஒன்றரைக் கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே வரிசையில், பக்கவாட்டில் பறக்கின்றன. ஒருவர் வாலை இன்னொருவர் காக்க வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு இடைவெளி. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் 1938 வாக்கில் ஜெர்மானிய விமானி வெர்னர் மோல்டர்ஸ் முதலானோர் மூன்று விமான அணியைக் கைவிட்டு ஜோடியை அடிப்படையாக்கியதிலிருந்து வரும் சிந்தனை இது. நேராகப் பறக்கும்வரை சிரமமே இல்லை. திரும்பும்போதுதான் அணி குலைகிறது.

எல்-39 இதற்கு ஏன் பொருத்தம் என்றால், வேகம் குறைவு, கணக்கு எளிது. 3000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 500 கிமீ உண்மை வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் வேகமானி சுமார் 430 காட்டும். நொடிக்கு 139 மீட்டர். இடைவெளி 1500 மீட்டர் என்றால், அந்தத் தூரத்தைக் கடக்க 11 நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். மொத்தப் பாடமும் இந்த 11 நொடியில்தான் இருக்கிறது.

வலப்பக்கம் 90 டிகிரி திரும்ப வேண்டும். நீங்கள் வலப்பக்கம், கூட்டாளி இடப்பக்கம். யார் லீட் என்பது இங்கே முக்கியமில்லை, வெளிப்பக்கம் இருப்பவர்தான் முதலில் திரும்புவார். அவர் 60 டிகிரி சாய்த்து 2ஜி (எடையைப்போல் இரண்டு மடங்கு விசை) இழுக்கிறார். நீங்கள் நேராகப் போய்க்கொண்டே எண்ணுகிறீர்கள். அவருக்கு நொடிக்கு 7 டிகிரி கிடைக்கும், 90 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 13 நொடி, திருப்ப ஆரம் 1140 மீட்டர் அளவில். 11 நொடி ஆனதும் நீங்களும் அதே 60 டிகிரி, அதே 2ஜி. இரண்டு பேரும் முடிக்கும்போது மறுபடி ஒரே வரிசை, அதே 1500 மீட்டர், ஆனால் பக்கம் மாறியிருக்கும். அவர் உங்கள் வாலுக்குப் பின்னால் கடந்து வலப்பக்கம் வந்திருப்பார்.

எண்ணுவது ஆரம்பத்துக்கு மட்டும். பிறகு கண்ணுக்கு ஒரு அடையாளம் வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி, நீங்கள் திரும்ப வேண்டிய நொடியில் அவர் எட்டு மணித் திசையில் (மூக்கைப் பன்னிரண்டு மணியாகக் கொண்டால் இடப்பக்கம் சற்றுப் பின்னால்), சுமார் 750 மீட்டரில் இருப்பார். அதாவது இடைவெளி பாதியாகியிருக்கும், அவர் மூக்கு உங்கள் வாலுக்கு நன்றாகப் பின்னால் போகும்படி நிற்கும். இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் கடிகாரம் தேவையில்லை. முன் இருக்கை இறக்கைக்கு முன்னால் இருப்பதால் பக்கவாட்டுப் பார்வை தாராளமாகவே இருக்கிறது. ஆனால் எட்டு மணித் திசையில் அவர் உங்களைவிடத் தாழ்ந்திருந்தால் இடது இறக்கை மறைத்துவிடும். அதனால் முதல் சில பயிற்சிகளில் வெளிப்பக்கம் இருப்பவர் 150 மீட்டர் மேலே இருப்பது நல்லது. வலப்பக்கம் சாய்த்த பிறகு அவரை இடப்பக்கம் தேடாதீர்கள். தலையை வலப்பக்கம் கொண்டுபோய் ஐந்து மணி, நான்கு மணி என்று வரும் இடத்தில் காத்திருங்கள். ஆறு மணித் திசையை இருக்கையின் தலைப்பகுதி மறைத்துக்கொள்ளும், அங்கே அவரைச் சில நொடி இழப்பது இயல்பு.

சரி, எங்கே தவறும்? பெரும்பாலும் உள்பக்கம் இருப்பவர் பொறுமையிழந்து சீக்கிரம் திரும்புவார். இரண்டு நொடி முந்தினால் இடைவெளியில் 278 மீட்டர் குறையும், அதோடு அதே 278 மீட்டர் அவர் முன்னாலும் போயிருப்பார். தாமதித்தால் நேர்மாறு, அகலமாகவும் பின்னாலும் போய் நிற்பார். இந்த இரட்டைப் பிழையைத் தெரிந்துவைத்திருந்தால் திருப்பம் முடிந்ததும் யார் மேல் தவறு என்று சண்டை போட வேண்டியதில்லை. நெருக்கமும் முன்னதும் ஒரே அளவில் சேர்ந்து வந்தால் நேரம் தப்பியிருக்கிறது. ஒன்று மட்டும் தப்பியிருந்தால் ஜி இழுத்ததில் வித்தியாசம், அல்லது தொடக்கத்திலேயே வரிசை சரியில்லை. ஜி-மீட்டரை ஒரு பார்வை பாருங்கள். ஒருவர் 2 இழுக்க மற்றவர் 3 இழுத்தால், நேரம் கச்சிதமாக இருந்தும் வரிசை அமையாது.

அடுத்தது எஞ்சின். இந்த மாட்யூலின் தரம் தெரிவது இங்கேதான். ஏஐ-25டிஎல் எஞ்சின் ஐடிலில் (மிகக் குறைந்த பவரில்) இருந்து முழு பவருக்கு வர பத்து நொடி அளவில் எடுத்துக்கொள்ளும். ஏற்றத்தில் நிற்கும் பழைய லாரிபோல யோசித்துத்தான் கிளம்பும். டிசிஎஸ்ஸை உருவாக்கும் ஈகிள் டைனமிக்ஸ் இந்தச் சோம்பலை அப்படியே கொண்டுவந்திருக்கிறது. ஹார்னெட்டில் (எஃப்/ஏ-18 போர் விமானம்) பழகியவர்கள் முன்னே போய்விட்டால் த்ராட்டிலை முழுக்கப் பின்னால் இழுப்பார்கள். பிறகு தள்ளும்போது எதுவும் நடக்காது, ஒரு கிலோமீட்டர் பின்தங்கிவிடுவார்கள். வேகம் குறைக்க ஏர்பிரேக், எஞ்சின் சுழலும் வேகமான ஆர்பிஎம்மை அதிகம் இறக்க வேண்டாம். வேகம் கூட்ட உயரத்தைச் செலவழியுங்கள். மேலே சொன்ன வேகத்தில் 100 மீட்டர் இறங்கினால், காற்றுத் தடையைக் கழிப்பதற்கு முன் மணிக்குச் சுமார் 25 கிமீ கிடைக்கும். பின்தங்கிய விங்மேன் மூக்கைத் தாழ்த்தி வரிசையைப் பிடித்து, பிறகு மெல்ல ஏறி உயரத்தை மீட்பதுதான் சரியான வழி. பவர் அதிகம் உள்ள விமானங்களில் இந்தப் பழக்கம் வராது, கூடுதல் எரிபொருளை எரித்து உந்தும் ஆஃப்டர்பர்னர் எல்லாத் தவறையும் மூடிவிடும்.

குறை என்று பார்த்தால் முதலில் கண்ணுக்குத்தான். எல்-39 நீளம் 12 மீட்டர் சொச்சம். 1080பி திரையில், 90 டிகிரி பார்வைக் கோணத்தில், 1500 மீட்டரில் பக்கவாட்டில் தெரியும் விமானம் எட்டுப் பிக்சல் அகலம்தான். மூக்கு எந்தப் பக்கம் என்றே தெரியாது, மேலே சொன்ன எட்டு மணிப் படமும் கிடைக்காது. கோணத்தை 60க்குக் குறைத்தால் 13 பிக்சல் ஆகும், அது போதும். 4கே திரையில் இரண்டு மடங்கு. ஜூமை ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்-டிராக்கிங் (உங்கள் தலையசைவைத் தொடரும் கருவி) இல்லாமல் ஜாய்ஸ்டிக்கின் ஹேட் சுவிட்சில் தலையைத் திருப்பி இந்தப் பாடம் பழக முடியாது, முயற்சியே வேண்டாம். விமானத்தின் மேல் தூரத்தை எழுதிக் காட்டும் லேபிளை அணைத்துவிடுங்கள். தூரத்தை எழுத்தில் படித்துக்கொண்டிருந்தால் கண் ஒருபோதும் கற்காது.

இரண்டாவது குறை, கணினி விங்மேன். ரேடியோ மெனுவில் லைன் அபிரெஸ்ட் (பக்கவாட்டு வரிசை), ஓபன் ஃபார்மேஷன் எல்லாம் உண்டு. சொன்னால் வந்து நிற்பான். நீங்கள் திரும்பியதும், முறைப்படி காத்திருந்து திரும்பாமல், தன் இடத்தைத் துரத்திக்கொண்டு வருவான். அவனுக்கு இருப்பது எளிமையாக்கப்பட்ட ஃபிளைட் மாடல் (விமானம் பறக்கும் விதத்தின் கணக்கு), உங்களுக்கு இருக்கும் எஞ்சின் சோம்பல் அவனுக்கு இல்லை. அவனை லீடாக வைத்தாலும் வேபாயின்ட் (பாதையில் குறித்த புள்ளி) வந்ததும் தன்பாட்டுக்குத் திரும்பிவிடுவான். மனிதக் கூட்டாளியோடு பறக்கும்போது இணையத் தாமதம் பெரிய தொல்லையில்லை. இறக்கையோடு இறக்கை ஒட்டும்போது கடுப்பேற்றும் அந்தச் சின்னச் சின்னத் துள்ளல்கள் ஒன்றரைக் கிலோமீட்டரில் கண்ணில் படுவதே இல்லை.

மிஷன் எடிட்டரில் இப்படி அமையுங்கள். தனித்தனி குரூப்பாக இரண்டு எல்-39சி, இரண்டுக்கும் ஸ்கில் கிளையன்ட் (மனிதர் ஓட்டுவதற்கான தேர்வு), ஆகாயத்தில் தொடக்கம், 3000 மீட்டர், ஒரே திசை, ஒரே எரிபொருள் சதவீதம். ரூலரால் 1500 மீட்டர் அளந்து பக்கவாட்டில் வையுங்கள். எடை வேறுபட்டால் ஒரே பவரில் வேகம் வேறுபடும், காரணம் புரியாமல் திணறுவீர்கள். ஆர்-832எம் ரேடியோவில் காக்பிட்டிலிருந்து அலைவரிசையைத் திருப்ப முடியாது, சேனல் மட்டும்தான். அதனால் எடிட்டரிலேயே இரண்டு விமானத்துக்கும் ஒரே சேனல் பட்டியல் போட்டுவிடுங்கள். வேக் டர்புலன்ஸை (முன்னால் போகும் விமானம் விட்டுச்செல்லும் காற்றுச் சுழல்) ஆன் செய்யுங்கள், பின்னால் கடப்பவர் உயர வித்தியாசத்தை மறந்தால் அது நினைவூட்டும். இலவசமாக வரும் காகசஸ் வரைபடத்தில் மைகாப், கிராஸ்னதார் பக்கத்துச் சமவெளி தோதானது. கிராஸ்னதாரில் நிஜமாகவே எல்-39 வைத்து விமானிகளைப் பயிற்றுவிக்கும் ராணுவப் பள்ளி உண்டு.

பறந்து முடித்ததும் டேக்வியூவில் (பறந்ததை மறுபடி பார்த்து ஆராயும் மென்பொருள்) பதிவைத் திறந்து இரண்டு விமானங்களையும் தேர்ந்தெடுங்கள். திருப்பம் தொடங்கிய நொடி, முடிந்த நொடி, அப்போதைய இடைவெளி, இந்த மூன்று எண் போதும். இது இல்லாமல் பழகினால், 900 மீட்டரை 1500 என்று நம்பிக்கொண்டே போவீர்கள்.

மற்றத் திருப்பங்கள் இதைவிட எளிது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் 90 டிகிரி திரும்பினால் ஒருவர் பின் ஒருவராக நிற்பீர்கள், 180 என்றால் மறுபடி பக்கவாட்டு வரிசை. ஒருவரையொருவர் நோக்கி 180 திரும்பும் கிராஸ் டர்னுக்கு உயர வித்தியாசத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளாமல் இறங்காதீர்கள், பாதைகள் நடுவில் வெட்டிக்கொள்ளும்.

ஈகிள் டைனமிக்ஸ் தளத்திலிருந்து நேரடியாக இறக்கும் பதிப்பில் மாட்யூல்களுக்கு 14 நாள் இலவச முயற்சி உண்டு. இரண்டு பேரும் ஒரே நாளில் அதைத் தொடங்கி, 90 டிகிரித் திருப்பத்தை மட்டும் இரு பக்கமும் பழகிப் பாருங்கள். தூரத்தை எண்ணாகப் பார்க்காமல் நம்பிக்கை வராதவர்களுக்கு ஹார்னெட்டே சௌகரியம். அதில் இருவரும் 63 சேனல் வித்தியாசத்தில் ஏர்-டு-ஏர் டகான் (விமானங்களுக்கு இடையே தூரம் அளக்கும் ரேடியோ கருவி) போட்டால் இடைவெளி திரையில் வந்துவிடும். விலையைப் பொறுத்தவரை அவசரப்பட வேண்டாம், வருடத்தில் சில முறை தள்ளுபடி விற்பனை வருகிறது.