குளத்துச் செடிகளைக் குளிர்காலப் பராமரிப்புக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

குளம் உறைந்துபோகும் ஊர்களில், வெப்பநாட்டு நீர்ச்செடிகளைக் குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டு வசந்தத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லிச் சில நர்சரிகள் கட்டணம் வாங்குகின்றன. அப்படி ஓரிடத்தில் நான் நீல அல்லி, சேம்பு, கல்வாழை, பாப்பிரஸ் என்ற கோரை நான்கையும் ஒப்படைத்தேன். உயிரோடு திரும்பியது கல்வாழை மட்டும்தான். அல்லி என்று கொடுத்தது என் அல்லியே இல்லை.

ஒவ்வொரு செடிக்கும் தனிப் பராமரிப்பு என்று ரசீதிலேயே அச்சடித்திருந்தார்கள். நடந்தது வேறு. எல்லாவற்றையும் ஒரே இருட்டறையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கல்வாழைக்கு அது போதும், கிழங்கு தூங்கிவிடும். பாப்பிரஸ் தூங்குகிற செடி இல்லை. குளிர்காலத்திலும் அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும், தொட்டியின் அடியில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். என் கைக்கு வந்தபோது தண்டெல்லாம் வைக்கோலாகியிருந்தது. சேம்புக் கிழங்கை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தார்கள். பையைப் பிரித்ததுமே அழுகல் நாற்றம். விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

இதையாவது அலட்சியம் என்று விடலாம். அல்லியில் நடந்தது மோசடி.

வெப்பநாட்டு அல்லிக்கு அடியில் உருண்டையான, கெட்டியான கிழங்கு இருக்கும். பெரும்பாலும் வால்நட் அளவுதான். அதை ஈர மணலில் புதைத்து 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைத்தால் வசந்தம்வரை தாங்கும். குளிர் தாங்கும் அல்லிக்கு இருப்பது மண்ணில் படுத்தவாக்கில் ஓடும் தடித்த தண்டு. எனக்குத் தந்த தொட்டியில் என் பெயர்ச்சீட்டு பத்திரமாக இருந்தது. மண்ணைக் கிளறிப் பார்த்தால், பழைய இலைக்காம்புத் தழும்புகளோடு நீளமான தண்டு படுத்திருந்தது. கேட்டதற்கு, குளிர்காலத்தில் கிழங்கு அப்படித்தான் நீண்டுவிடும் என்றார்கள். எந்தக் கிழங்கும் அப்படி நீளாது.

சரி, வளரட்டும் என்று வெதுவெதுப்பான தொட்டியில் விட்டுப் பார்த்தேன். என் பழைய செடியின் இலை ஓரத்தைத் தடவினால் பல் பல்லாகக் கையில் படும். இதில் ஓரம் வழவழவென்று இருந்தது. அப்புறம் பூ வந்தது, வெள்ளை நிறத்தில், தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு. என் நீல அல்லி தண்ணீருக்கு மேலே காம்பில் நிமிர்ந்து நிற்கும். படம் அனுப்பினேன். போகப்போக நிறம் மாறும் என்று பதில் வந்தது. நீலத்திலேயே குளிர் தாங்கும் ரகம் இருக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தார்கள். தாய்லாந்தில் 2007இல் உருவான கலப்பினம் ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் நான் கொடுத்தது அதுவும் இல்லை, அவர்கள் தந்தது அதுவும் இல்லை. என் கிழங்கை அழுகவிட்டு, மலிவாகக் கிடைத்ததை அந்தத் தொட்டியில் நட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வருடக்கணக்காக வளர்த்த செடி அது.

இன்னொரு தந்திரமும் உண்டு. இரவில் இன்னும் பனி விழும்போதே, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். தாமதித்தால் கூடுதல் கட்டணம். வாங்கியதும் கையெழுத்து, அதற்குப் பிறகு செத்தால் பொறுப்பு நம்முடையது. குளத்துத் தண்ணீர் 21 டிகிரிக்கு வந்து நிலைக்கும்வரை வெப்பநாட்டு அல்லியை வெளியே விடவே கூடாது. முன்கூட்டி விட்டால் கிழங்கு மறுபடி உறங்கிவிடும், இல்லையென்றால் அழுகும். அது தெரிந்துதான் அவசரப்படுத்துகிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவர்கள் நீட்டியதும் அந்தக் கையெழுத்தைத்தான்.

கொடுக்கும் முன் எந்தச் செடி எங்கே, எத்தனை டிகிரியில், வெளிச்சத்திலா இருட்டிலா இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். பூ, இலையின் அடிப்பக்கம், கிழங்கு மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது தொட்டியை அங்கேயே கிளறிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் வசந்தம்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே போய்க் கிழங்கைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் மிச்சமிருப்பதை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.