மோரிப் கடலின் பச்சையத்துக்கு எந்தச் செயற்கைக்கோள்?

மலேசியாவின் பந்திங்கில் உட்கார்ந்தபடி மோரிப் பக்கத்துக் கடலில் நுண்பாசியின் பச்சையம் (குளோரோபில்) எவ்வளவு என்று பார்க்க என் முன்னால் இருந்தவை மூன்று: நாசாவின் மோடிஸ், ஐரோப்பாவின் சென்டினல்-2, சென்டினல்-3. மூன்றுமே இலவசம், ஆக விலைப் பேச்சு இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் செயல்திட்டத்துக்கு நான் எடுத்தது சென்டினல்-3. இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மோடிஸ் பழைய கை. அந்தக் கருவியைச் சுமக்கும் அக்குவா செயற்கைக்கோள் 2002-இல் ஏறியது, இருபது வருடத்துக்கும் மேலான பதிவு இருக்கிறது, நீண்டகால மாற்றத்துக்கு அதை மிஞ்ச முடியாது. ஆனால் படத்தின் ஒரு புள்ளி 1 கிலோமீட்டர். கேரித் தீவு ஓரத்தில் பாதிப் புள்ளி செம்பனை, பாதி கடல்.

சென்டினல்-2 படத்தைத் திறந்தால் மனசு அங்கேயே நின்றுவிடும், ஒரு புள்ளி 10 மீட்டர்தான். லங்காட் ஆறு கடலில் விழும் இடத்தில் சேறு விரிவதுகூடத் தெரியும். ஆனால் அந்த 10 மீட்டர் நான்கு அலைப்பட்டைகளுக்கு (கருவி தனித்தனியே அளக்கும் நிறப் பிரிவுகளுக்கு) மட்டும்தான். பச்சையத்துக்கு உதவும் 705 நானோமீட்டர் பட்டை 20 மீட்டர். அது முதலில் நிலத்துக்காகச் செய்த கருவி, கடலிலிருந்து திரும்பும் ஒளியோ சொற்பம், எண்கள் நடுங்கும். 5 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது, அன்று பார்த்து மேகம் மூடினால் போச்சு.

சரி, முடிவைத் தீர்மானித்தது தண்ணீரின் நிறம். வழக்கமான கணக்கு நீலத்தையும் பச்சையையும் ஒப்பிடும்: நுண்பாசி நீல ஒளியை விழுங்கும், அதனால் நீலம் குறைந்தால் பச்சையம் அதிகம். நடுக்கடலில் இது சரியாக வரும். நம் பக்கத்திலோ சதுப்புக்காட்டிலிருந்து தே ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் தண்ணீர் இறங்குகிறது, அதுவும் நீலத்தை விழுங்கும், கணக்கு அதையும் பாசி என்று எடுத்துக்கொள்ளும், போதாததற்குச் சேறு வேறு ஒளியைத் திருப்பி அடிக்கும். சிவப்புப் பக்கம் போனால் இந்தத் தொல்லை குறைவு. பச்சையம் 665 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும், 709-இல் அவ்வளவாக உறிஞ்சாது, இரண்டையும் ஒப்பிடலாம். மோடிஸில் அந்த 709 இல்லை. சென்டினல்-3-இன் 21 பட்டைகளில் இருக்கிறது. புள்ளி 300 மீட்டர். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் திரும்பி வருகின்றன. நம்மைப்போல் நிலநடுக்கோட்டருகே இருப்பவர்களுக்கு இன்னொன்று: கடல்பரப்பில் பட்டுத் திரும்பும் சூரியப் பளபளப்பு குறையட்டும் என்று கருவியை மேற்கே 12.6 பாகை சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

சென்டினல்-3 கோப்பைத் திறக்கும்போது கவனம். பச்சையத்துக்கு இரண்டு விடை இருக்கும்: ஓசி4எம்இ நடுக்கடலுக்கு, என்என் கலங்கிய தண்ணீருக்கு. நமக்கு இரண்டாவது. பச்சையம் குறைவான தண்ணீரில் சிவப்பு ஒப்பீடு தடுமாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரையை ஒட்டிய முதல் புள்ளிகளை நான் எடுத்துக்கொள்வதே இல்லை. தண்ணீர் மொண்டு வந்து ஒத்துப் பார்த்தது கொஞ்சம்தான், அதனால் தனி எண்ணைவிட ஏற்ற இறக்கத்தைத்தான் நம்புகிறேன். 2024-இல் நாசா ஏவிய பேஸ் செயற்கைக்கோள் நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது, ஆனால் அதன் புள்ளியும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாதது. மேலோட்டமாகப் பார்த்ததோடு விட்டுவிட்டேன்.