லெகோவில் ஓட்டுப் பள்ளிக்கூடம்: சில வருஷ அனுபவம்

பிரிக்லிங்க் ஸ்டூடியோ, லெகோ கட்டை மாதிரிகளைக் கணினியில் வரைந்து பார்க்கும் இலவச மென்பொருள். லெகோ கட்டைகளுக்கான இணையச் சந்தையான பிரிக்லிங்க் 2019இல் லெகோ நிறுவனத்தின் கைக்குப் போன பிறகும் அது இலவசம்தான். பணம் போவதெல்லாம் கட்டைக்கு, அதிலும் ஓட்டுக் கூரைக்கு. அந்த மென்பொருளையும் அதில் வரைந்து கட்டிய பள்ளிக்கூட மாதிரியையும் சில வருஷம் வைத்துப் பார்த்தாயிற்று. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது கிருஷ்ணகிரியில் படித்த பள்ளியின் பழைய வகுப்பறை வரிசை. ஐந்து அறைகள், முன்னால் நீளத் தாழ்வாரம், மேலே மங்களூர் ஓடு. டேப் பிடித்து அளந்ததில் நீளம் 40 மீட்டர், அகலம் 8 மீட்டர். லெகோ பொம்மை மனிதர்கள் உள்ளே நிற்கிற அளவுக்குக் கட்டினால் ஒரு மீட்டர் மேசை வேண்டும். அதனால் கட்டையின் மேலே புடைத்திருக்கும் ஒரு குமிழுக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., கட்டையின் உயரம் 9.6 மி.மீ. என்பதால் ஒரு கட்டை உயரம் நிஜத்தில் 60 செ.மீ. ஆகிறது. 3.6 மீட்டர் சுவருக்குச் சரியாக ஆறு கட்டை! ஒரு அறை, அதன் தாழ்வாரத்தோடு சேர்த்து, 16க்கு 16 குமிழ் தட்டில் அடங்கிவிட்டது. ஐந்து தட்டும் சேர்ந்து 64 செ.மீ. டிவி ஸ்டாண்டு மேலேயே வைத்துவிடலாம்.

தாழ்வாரத் தூண்தான் அதிக நேரம் தின்றது. உருளைக் கட்டையை அடுக்கினால் அரை மீட்டர் தடிமன் வருகிறது, கோயில் மண்டபம் போல. நிஜத்தில் இருப்பவை ஒல்லியான கல்தூண்கள். கடைசியில் பொருந்தியது, ஸ்டார் வார்ஸ் படத்து வீரர் பொம்மைகள் பிடித்திருக்குமே, அந்த ஒளிவாளின் குச்சி. தடிமன் 3.2 மி.மீ., அதாவது நம் கணக்கில் 20 செ.மீ. சாம்பல் நிறக் குச்சிகளை நடுவில் துளையுள்ள குமிழில் செருகினேன். பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு முறை தூசி தட்டும்போதும் இரண்டு தூண் உருளும்.

கூரைக்கு 45 டிகிரி சரிவுக் கட்டை வேண்டாம். கூரை சுவரைவிட உயரமாகப் போய்விடும். 33 டிகிரிதான் ஓட்டுக் கூரையின் சாய்வுக்கு நெருக்கம். ஒரே சிவப்பாக இல்லாமல் நடுவே கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்துவிட்டால், பல மழை பார்த்த ஓடு மாதிரியே இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்துக் கூரைக்கு மட்டும் நூற்றைம்பது கட்டையாவது பிடிக்கும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 60 சதவீதம், 2023இல் 70 சதவீதம் என்று ஏறிவிட்டது. வெளிநாட்டில் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பெங்களூரில் பழைய கட்டைகளைக் கிலோ கணக்கில் விற்பவரிடம் பொறுக்கி எடுத்தேன்.

மென்பொருளைப் பற்றி ஒரு குறை. எந்தக் கட்டைக்கும் எந்த நிறத்தையும் பூசிப் பார்க்க விடுகிறது. அந்த நிறத்தில் அந்தக் கட்டையே வந்ததில்லை என்றால் சின்னதாக ஒரு எச்சரிக்கைக் குறி காட்டும், அவ்வளவுதான். அதைக் கவனிக்காமல் வரைந்துகொண்டே போனால் கடையில் கிடைக்காத கூரைதான் மிஞ்சும். மற்றபடி உறுதியைச் சோதிக்கும் வசதியும் படிப்படியான செய்முறைப் புத்தகம் தயாரிக்கும் வசதியும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் நீளக் கட்டடத்தைத் தூக்கினால் நடுவில் என்ன ஆகும் என்று திரை சொல்லாது. கொத்தனார் வேலை பார்க்கும் என் சித்தப்பா பார்த்த உடனே கேட்டார்: "ஏப்பா, இத்தனை நீளத்தை ஒண்ணா எப்படித் தூக்குவ?" அவர் கேட்டதும் சரிதான். அறை அறையாகப் பிரித்து, துளையுள்ள கட்டைகளை இணைக்கும் லெகோ டெக்னிக் ஊசிகளால் கோத்த பிறகுதான் பள்ளிக்குப் பஸ்ஸில் எடுத்துப்போக முடிந்தது. கூரையும் தனியாகக் கழன்று வரும்.

இப்போது அது தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. மேற்குப் பார்த்த சன்னல் என்பதால் அந்தப் பக்கத்து வெள்ளைக் கட்டைகள் வெயிலில் மஞ்சளடித்துவிட்டன. சுண்ணாம்புச் சுவருக்கு அது பொருத்தம்தான், எனக்குக் குறையில்லை. விலை மலிவான போலிக் கட்டைகள் கொஞ்சம் கலந்திருந்தேன். அவைதான் பிடி தளர்ந்து மூலைகளில் விரிசல் காட்டுகின்றன. லெகோ கட்டை ஒன்றுகூடத் தளரவில்லை. தூசிக்கு மேக்கப் பிரஷ் போதும். கழுவுவதானால் சோப்புத் தண்ணீர், ஆனால் 40 டிகிரிக்கு மேல் சூடு கூடாது. பார்க்க வரும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: பின்னாடி சையத் பாஷா மலை எங்கே? அதை இந்த அளவில் கட்ட என்னிடம் வீடும் இல்லை, காசும் இல்லை.

உங்கள் பள்ளியைக் கட்டப்போகிறீர்கள் என்றால், சுவரை வரைவதற்கு முன்னால் கூரைக் கட்டையின் விலையை விசாரித்துவிடுங்கள். ஓடு இல்லாத மொட்டைமாடிக் கட்டடமாக இருந்தால் செலவு பாதியாகக்கூட இறங்கலாம்.