டெக்ஸ்ட் கோப்பா, யாமலா? பிரிட்ஜ் சிப்புக்கு விதி எழுதும் இரண்டு வழிகள்

செயலியிலிருந்து டிஎஸ்ஐ என்ற இணைப்பு வழியாக வரும் படத்தை, எல்விடிஎஸ் அல்லது இடிபி என்ற வேறு வகை இணைப்பு உள்ள பேனலுக்கு (திரைக்கு) ஏற்றபடி மாற்றிக் கொடுப்பதுதான் டிஸ்ப்ளே பிரிட்ஜ் சிப்பின் வேலை. போர்டில் அந்த சிப் எதோடு இணைந்திருக்கிறது, எத்தனை லேன் (தரவு செல்லும் கம்பி இணை), எங்கிருந்து மின்சாரம் என்பதையெல்லாம் லினக்ஸ் கெர்னல், டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரக் கோப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். அந்த டிவைஸ் ட்ரீயில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று சொல்லும் ஆவணம் பைண்டிங். முன்பு அது வெறும் டெக்ஸ்ட் கோப்பு. 2019 வாக்கிலிருந்து யாமல் ஸ்கீமா, அதாவது யாமல் என்ற வடிவில் எழுதிய, கருவியால் சரிபார்க்கக்கூடிய விதிக் கோப்பு. நான் இரண்டையும் எழுதியிருக்கிறேன். என் ஓட்டு யாமலுக்கு. ஆனால் டெக்ஸ்ட் கோப்பில் இருந்த ஒரு நல்ல பழக்கத்தை அதில் விட்டுவிடக்கூடாது.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஸ்என்65டிஎஸ்ஐ83 (சுருக்கமாக 83) என்ற பிரிட்ஜ் சிப்பை எடுத்துக்கொள்வோம். நான் முதலில் இந்த சிப்போடு வேலை செய்தபோது கையில் இருந்தது போர்டோடு வந்த ஒரு டெக்ஸ்ட் குறிப்பு மட்டுமே. 'உள்ளீட்டு போர்ட், வெளியீட்டு போர்ட் இரண்டும் தேவை' என்று அதில் இருந்தது. எண் இல்லை. பல பிரிட்ஜ்களில் உள்ளே வருவது போர்ட் 0, வெளியே போவது போர்ட் 1. அந்தப் பழக்கத்தில் பேனலைப் போர்ட் 1-இல் மாட்டினேன். டிவைஸ் ட்ரீ ஒழுங்காகக் கம்பைல் ஆனது, திரை மட்டும் வரவில்லை. ஆஸிலோஸ்கோப்பை வைத்து டிஎஸ்ஐ கோடுகளைப் பார்த்தே இரண்டு நாள் போனது.

இதே சிப்புக்கு 2021-இல் கெர்னலில் சேர்ந்த யாமல் கோப்பைத் திறந்து பாருங்கள். போர்ட் 0, 1 இரண்டும் டிஎஸ்ஐ-யின் ஏ, பி சேனல்கள். போர்ட் 2, 3 இரண்டும் எல்விடிஎஸ்-இன் ஏ, பி சேனல்கள். 83-இல் இரண்டு பக்கமும் ஒரே ஒரு சேனல்தான். அதனால் 'சிப் 83 என்றால் போர்ட் 1-ம் 3-ம் கூடாது' என்ற நிபந்தனையே கோப்புக்குள் இருக்கிறது. அதே குடும்பத்தின் எஸ்என்65டிஎஸ்ஐ84-இல் எல்விடிஎஸ் இரட்டை இணைப்பு என்பதால் அங்கே போர்ட் 1-க்கு மட்டும் தடை. நான் எழுதிய டிவைஸ் ட்ரீயை இந்த ஸ்கீமாவோடு சரிபார்த்திருந்தால், போர்ட் 1-க்கு அனுமதி இல்லை என்று சில நொடிகளில் திரையில் வந்திருக்கும்.

எழுத்துப் பிழைகள் இன்னும் மோசம். டிவைஸ் ட்ரீயில் விசிசி சப்ளையின் (சிப்புக்கு மின்சாரம் தரும் கோட்டின்) பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் கெர்னல் நிற்காது. சப்ளை கிடைக்கவில்லை, டம்மி ரெகுலேட்டரை (பெயருக்கு ஒரு போலி மின்மூலத்தை) பயன்படுத்துகிறேன் என்று லாகில் ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அந்த மின்கோடு வேறு காரணத்தால் ஏற்கெனவே உயிரோடு இருந்தால் படம் வரும், இல்லாவிட்டால் வராது. ஆளுக்கொரு விதமாக நடக்கும் இந்தப் பிழையைத் தேடுவது நரகம். ஸ்கீமாவில் 'கூடுதல் பண்புகளுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு வரி இருந்தால் போதும், தவறான பெயர் உடனே பிடிபடும். இன்னொன்று, யாமலில் கொடுக்கும் உதாரணத்தையும் கருவி கம்பைல் செய்து பார்க்கும். டெக்ஸ்ட் கோப்பின் உதாரணத்தை யாரும் கம்பைல் செய்ததில்லை. அதை அப்படியே நகலெடுத்து மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

இந்த விதிகளை, சிப்பை இயக்கும் டிரைவரின் கோடில் கமென்ட்டாக எழுதினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அதே டிவைஸ் ட்ரீயை, லினக்ஸுக்கு முன்பே ஓடும் யூ-பூட் என்ற பூட்லோடரும் படிக்கிறது. லினக்ஸ் டிரைவருக்குள் கிடக்கும் விதி அங்கே யாருக்குத் தெரியும்?

சரி, டெக்ஸ்ட் கோப்பில் என்ன நல்லது? காரணம் சொல்ல இடம் இருந்தது. ஏன் இப்படி என்று ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு விளக்கும் நடை அதில் இருந்தது. யாமல் எழுத உட்கார்ந்தால் கவனமெல்லாம் எண்களிலும் உள்தள்ளலிலும் போய்விடுகிறது. விளக்கத்துக்கான வரியில் 'ரீசெட் ஜிபிஐஓ' என்று பெயரையே திருப்பி எழுதிவிட்டு முடித்துவிடுகிறோம். சில விதிகளோ ஸ்கீமாவுக்குள் அடங்கவே அடங்காது. 83-ஐத் தொடங்கும்போது டிஎஸ்ஐ டேட்டா லேன்கள் எல்பி-11 என்ற ஓய்வு நிலையில் இருக்க வேண்டும் என்கிறது டேட்டாஷீட். இது நேர வரிசை பற்றிய விதி. என்ன பண்புகள், என்ன மதிப்புகள் என்று மட்டுமே பார்க்கும் கருவிக்கு இது தெரியாது.

விதியும் விளக்கமும் இரண்டும் நன்றாகச் சேர்ந்த இடம், டிஎஸ்ஐ-யை இடிபி-ஆக மாற்றும் எஸ்என்65டிஎஸ்ஐ86. டெக்ஸ்டாக இருந்த அதன் பைண்டிங்கை 2020-இல் யாமலாக மாற்றினார்கள். இடிபி பக்கம் ஒரு லேன் என்றால் சிப்பின் 0 அல்லது 1-ஆம் லேனில் போடலாம், 0 நல்லது. இரண்டு லேன் என்றால் அந்த இரண்டுக்குள் மட்டும் இடம் மாற்றலாம். நான்கு என்றால் எப்படி வேண்டுமானாலும். இதைக் கருவிக்குப் புரியும் நிபந்தனையாகவும் எழுதியிருக்கிறார்கள், படிப்பவருக்குப் புரியும் வாக்கியமாகவும் எழுதியிருக்கிறார்கள். '0 நல்லது' என்பதை எந்தக் கருவியாலும் சோதிக்க முடியாது. ஆனால் புதிதாகப் போர்டு வடிவமைப்பவருக்கு அந்தக் கோப்பில் மிகவும் உதவும் சொல் அதுதான். பழைய டெக்ஸ்ட் கோப்பை யாமலாக மாற்றும் பேட்ச் (திருத்தம்) என் பார்வைக்கு வந்தால், அப்படிப்பட்ட வாக்கியங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தனவா என்றுதான் முதலில் பார்க்கிறேன். உள்தள்ளலைக் கருவி பார்த்துக்கொள்ளும்.