ஸ்கிப்டன் கறிக்கடை: ஹாகெட் வாங்கிப் பாருங்க

நாங்க இருக்கிறது இங்கிலாந்துல லீட்ஸ்ல. இங்க ஆட்டுக்கறி வாங்கப் போனா நம்மாளுங்களுக்கு பேருலயே குழப்பம் வந்துரும், ஊர்ல மட்டன்னா பெரும்பாலும் வெள்ளாட்டுக்கறி, இங்க மட்டன்னு கேட்டா முத்தின செம்மறிக்கறியத்தான் கொடுப்பாங்க, வெள்ளாடு வேணும்னா கோட்னு தனியா கேக்கணும்.

போன சனிக்கிழமை ஸ்கிப்டன் சந்தைக்குப் போயிருந்தோம் (அந்த ஊர் பேருக்கே ஆட்டூர்னுதான் அர்த்தம்), பக்கத்துல ஒரு சின்ன கறிக்கடை. போர்டுல லேம்ப், ஹாகெட், மட்டன்னு மூணும் தனித்தனி விலையில எழுதியிருந்துச்சு. கூட்டத்துக்கு நடுவுலயும் கடைக்காரர் பொறுமையா சொன்னாரு, செம்மறி ஒரு வயசுக்குள்ளன்னா லேம்ப், ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஹாகெட், அதுக்கு மேல மட்டன். வயசு எப்படித் தெரியும்னு கேட்டா பல்லைப் பாத்துதானாம், நம்ம ஆட்டுச்சந்தையில பல்லு போடாத குட்டி, ரெண்டு பல்லுன்னு சொல்றோமே அதே கணக்குதான்! கூட வந்த என் பொண்ணு லேம்ப்னு கடைசி எழுத்தையும் சேத்து சொன்னா, அந்த 'பி' சத்தம் வராதும்மா, லேம் மட்டும்தான்னு அன்பா திருத்துனாரு. குட்டி உயிரோட இருந்தாலும் லேம்ப், கறியானாலும் லேம்ப், ஆனா வளந்த ஷீப் மட்டும் கறியானா மட்டன்னு மாறிடுது, அது பிரெஞ்சுலேர்ந்து வந்த சொல்லு. இளசான பெட்டைக்கு கிம்மர்னு இந்த வடக்குப் பக்கம் ஒரு பேரு இருக்கு, அதையும் அவர்தான் சொன்னாரு. நம்ம செம்மறியில இருக்குற மறி கூட பழைய தமிழ்ல குட்டிதான், அதை நான் அவருக்குச் சொன்னேன், ரொம்ப சந்தோஷப்பட்டாரு.

வாங்குனது ஹாகெட் தோள்கறி. மிளகு போட்டு குழம்பு வெச்சோம், குக்கர்ல ஆறு விசில். லேம்ப்னா இதுக்குள்ள குழைஞ்சு போயிருக்கும், மட்டன்னா இன்னும் வேகணும், இது எலும்போட நின்னு சாறு இறங்கி ஊர் வாசனை வந்துச்சு, எங்கம்மா வீடியோ கால்லயே பாத்துட்டு கறி நல்லாருக்கும் போலன்னாங்க.

ஒரே குறை வெட்டுதான். குழம்புக்கு சின்னதா வேணும்னா மெஷின் ரம்பத்துல அறுக்குறாங்க, எலும்புத்தூள் ஒட்டிக்கிட்டு வருது, நாலு தண்ணி அலசணும். தலை, குடலும் இல்ல.

ஹாகெட் எல்லா வாரமும் இருக்காதாம், கெளம்புறதுக்கு முன்னாடி போன் போட்டு எடுத்து வைக்கச் சொல்லிருங்க.